மர்ஜோகான் எந்த வீட்டு ஆள்

மர்ஜோகானை அவன் மனைவி வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனது என் வண்டியில்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? பாயகும்புவிலிருந்து பெக்கான்பாருவுக்கு அவனும் நானும் இருபது வருஷத்துக்கு மேல் வேன் ஓட்டினோம். ஒரே நிலையத்தில் ஆள் ஏற்றினோம், ஒரே கடையில் சாப்பிட்டோம். மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒன்பது வளைவுப் பக்கம் மண் சரிந்து வழி அடைத்துக்கொண்டால் ஒரே பாயில் படுத்துக் கிடந்தோம். வண்டியில் வாந்தி எடுப்பவர்களைக்கூடச் சிரிக்க வைத்து இறக்கிவிடுகிற ஆள் அவன். அவன் வேனுக்குக் காத்திருந்து ஏறியவர்கள் உண்டு. என் வேனுக்கு அப்படி யாரும் காத்திருந்ததில்லை.

எங்கள் ஊரில் எல்லா ஆண்களும் வீட்டோடு மாப்பிள்ளைகள்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலம் பெண்களுடையது, வீடு பெண்களுடையது, பிள்ளைகள் அம்மாவின் குலம். எங்கள் அப்பாக்கள் காலத்தில் புருஷன் பொழுது சாய்ந்ததும் மனைவி வீட்டுக்கு வருவான், விடிவதற்குள் தன் அம்மா வீட்டுக்குத் திரும்பிவிடுவான். சம்பாதித்ததை அக்கா தங்கை பிள்ளைகளுக்குக் கொடுப்பான். அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்மாமன்தான் எல்லாம். எங்கள் காலத்தில் அது மாறிவிட்டது. நாங்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தோம், சம்பாதித்ததை அவர்களுக்கே செலவழித்தோம். நாங்கள் இப்படி மாறினோமே தவிர வீடு மாறவில்லை. அது பெண்டாட்டியின் குலத்து வீடாகவே இருந்தது.

அஸ்னிமாரைக் கட்டிக்கொண்டபோது மர்ஜோகானுக்கு வழக்கப்படி ஒரு பட்டம் கொடுத்தார்கள். மனைவி வீட்டார் அதன்பிறகு அவனை ‘சுத்தான்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முனை கொம்புபோல் வளைந்த கூரை வைத்த அவர்களுடைய பழைய வீட்டில் தகரம் துருப்பிடித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதை ஒட்டினாற்போல் அவன் செங்கல் வீடு ஒன்று கட்ட ஆரம்பித்தான். எங்கள் சம்பாத்தியத்தில் ஒரேயடியாகக் கட்ட முடியாது. ஒரு பெருநாளுக்கு ஓர் அறை, அடுத்த பெருநாளுக்கு அதற்குக் கூரை, அப்புறம் குளியலறை என்று கட்டினான். கதவு நிலைகளை வைத்தது, ஜன்னலுக்குச் சாயம் அடித்தது எல்லாம் அவன் கையால். கூரை போட்ட அன்று நான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன்.

"அடுத்தவங்க மண்ணுல இவ்வளவு சிமெண்ட்டைக் கொட்டுறியே" என்றேன்.

"எம் பொண்ணோட மண்ணுடா இது. அது எப்படி அடுத்தவங்க மண்ணு ஆகும்?" என்றான்.

நியாயமாகத்தான் இருந்தது. நானும் என் பெண்டாட்டி மண்ணில் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒரே மகள், நெல்வி. ஊரின் மறுகோடியில், கல்லூரிக்குப் பக்கத்தில், அவன் அக்கா டார்னிஸின் வீடு. அம்மா செத்தபிறகு அவனைச் சோறு போட்டு வளர்த்தவள் அவள்தான். சீக்கிரம் விதவையாகிவிட்டாள். அவளுடைய மகள் யெல்மிதா நன்றாகப் படிக்கிற பெண். பாடாங் போய் மருத்துவச்சிப் படிப்பு படிக்க வேண்டும் என்று மாமனிடம் வந்து கேட்டாள். அப்போது மர்ஜோகான் நெல்வியைப் பள்ளியில் சேர்த்திருந்தான், வீட்டுக்குத் தரை போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினான். அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. யெல்மிதா சந்தையில் ஒரு செல்போன் கடையில் போய் நின்றாள். பிறகு அவளுக்கு நிச்சயம் பேசியபோது, தாய்மாமன் சபையில் உட்கார்ந்து பேச வேண்டிய நாளில், அவன் வேன் மண்சரிவில் மாட்டிக்கொண்டது. சபை முடிந்து வெற்றிலைத் தட்டை எடுத்து வைத்தபிறகுதான் சேற்றுக்காலோடு வந்து சேர்ந்தான். அன்றைக்குத் தவறு அவன்மேல் இல்லை. ஆனால் எது அவன் தவறு, எது மழையின் தவறு என்று அவள் பிரித்துப் பார்ப்பாளா?

அவன் விழுந்தது சாப்பாட்டுக் கடையில். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். சோற்றைப் பிசைந்தவன் கையை வாய்க்குக் கொண்டுபோனான், கை பாதியில் நின்றது, தட்டில் விழுந்தது. என்னடா என்றேன். வாய் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. அவனைப் பின்சீட்டில் கிடத்தி, பயணிகளையும் வைத்துக்கொண்டே ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். யாரும் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

உயிர் பிழைத்தான். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. பெக்கான்பாருவைச் சுருக்கி நிலையத்தில் நின்று ஆள் கூப்பிடுகிற "பாக்கான், பாக்கான்" மட்டும் வாயில் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் பாக்கான், வலித்தாலும் பாக்கான், என்னைக் கண்டு அழும்போதும் அதுதான். மூளையில் இப்படி ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு என்று டாக்டர் சொன்னார். மற்றவர்கள் பேசுவது அவனுக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை.

அஸ்னிமார் ரெண்டாங் செய்து விற்கிற சமையல்கூடத்தில் வேலை பார்த்தவள். விடியற்காலையில் போய் விறகடுப்பில் பெரிய சட்டிகளில் தேங்காய்ப்பாலும் இறைச்சியும் வற்றும்வரை கிண்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டாள். நெல்வி பாத்தாம் தீவில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் இருந்தாள், முடிந்ததை அனுப்பினாள். முன்னறையில் கட்டில் போட்டு, தெருவைப் பார்த்தாற்போல் அவனைக் கிடத்தியிருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அவன் சுத்தமாக இருந்தான், முகம் மழித்திருந்தது. அஸ்னிமார்தான் மாதத்துக்கு மாதம் ஒடுங்கிக்கொண்டு வந்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம் நெல்விக்குக் கல்யாணம் நிச்சயமானது. பையன் அதே தொழிற்சாலை, பாத்துசங்கார் பக்கத்துக் குடும்பம். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து இருக்க வேண்டும், லீவு முடிகிறவரைக்குமாவது. அதற்கு முன்னறை வேண்டும். அஸ்னிமாரின் அண்ணன் புஸ்தாமி வந்தார். பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் வேறு ஒரு வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனவர்தான், ஆனால் இந்த வீட்டுக்குத் தாய்மாமன் அவர். கெட்ட மனுஷன் என்று சொல்ல மாட்டேன். மர்ஜோகானுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டுதான் வந்தார். தங்கையைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்.

"நோயில விழுந்த ஆம்பளைய அவன் அக்கா தங்கச்சிங்க வந்து அழைச்சிட்டுப் போறதுதான் அவனுக்கு மரியாதை. இப்படியே இங்க கெடந்தான்னா, சுத்தானுக்கு நாதியில்லன்னு ஊரு பேசும். அந்தப் பேச்சு அவனுக்கு வேணுமா?"

நல்லதாகச் சொல்வதுபோலவே இருந்தது. அதே வாரத்தில் டார்னிஸும் ஆட்டோவில் வந்து இறங்கினாள். தம்பி அடுத்த குலத்து வீட்டில் கிடக்கிறான், கூடப் பிறந்தவள் இருந்து என்ன பயன் என்று ஊரில் கேட்கிறார்கள், அவனை என்னிடம் கொடு என்று அஸ்னிமாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அஸ்னிமார் யாரிடம் என்ன சொல்வாள்? இரண்டு பக்கமும் மரியாதை என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

நானும் இன்னொரு டிரைவரும் அவனைத் தூக்கினோம். வாசல்வரை பேசாமல் வந்தான். வாசலில் வந்ததும் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். அவன் வைத்த நிலை. நாங்கள் இழுக்க இழுக்கப் பிடி இறுகியது. பாக்கான், பாக்கான் என்றான். புஸ்தாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் அஸ்னிமார் வந்து, "விடுங்க உடா, அக்கா வீடுதானே, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இருவரும் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவனை அண்ணன் முறை வைத்து உடா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் பெண்கள் புருஷனையும் மூத்த ஆண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

டார்னிஸ் வீட்டில் முன்கட்டு சலவைக் கடைக்கு வாடகைக்குப் போயிருந்தது. மாடி அறைகளிலும் பக்க அறைகளிலும் கல்லூரிப் பெண்கள் தங்கியிருந்தார்கள். அதுதான் குடும்பத்தின் வருமானம், அதைக் கவனித்துக்கொண்டவள் யெல்மிதா. மர்ஜோகானுக்குச் சமையலறையை ஒட்டிய சாமான் அறை கிடைத்தது. ஜன்னல் கிடையாது. முதலில் யெல்மிதாவின் புருஷன் அவனைத் தூக்கிக் குளிப்பாட்டினான். கொஞ்ச நாளில் அவன் வேலை முடிந்து தாமதமாக வர ஆரம்பித்தான். வழியில் பார்த்தபோது, "நானே இந்த வீட்டுல எங்க நிக்கணும்னு பாத்துப் பாத்து நிக்கிறேன் அண்ணே. என்னைக் கேக்காதீங்க" என்றான். பிறகு டார்னிஸ் தனியாகத் தூக்கினாள். அவளுக்கு எழுபதை நெருங்குகிற வயது. ஒருநாள் இருவருமாகக் குளியலறையில் விழுந்தார்கள். அதன்பிறகு அவளால் இடுப்பை நிமிர்த்த முடியவில்லை.

தங்கியிருந்த பெண்களின் பெற்றோர்கள் பேச ஆரம்பித்தார்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் ஓர் ஆண் கத்திக்கொண்டு கிடக்கிறான், நாற்றம் வேறு என்று. இரண்டு பெண்கள் காலி செய்துகொண்டு போனார்கள். நான் பழம் கொண்டுபோன ஒரு நாள் யெல்மிதா என்னைச் சமையலறையில் நிறுத்திப் பேசினாள். சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. அவன் காதில் விழட்டும் என்றுதான் பேசினாள்.

"நான் அரக்கி இல்ல, உடா ஜுல். ஆனா மாமான்னு கூப்பிட எனக்கு வாய் வரல. எனக்கு மாமா வேணும்னு இருந்தப்போ அவரு அப்பாவா இருந்தாரு. அவரு பொண்ணுக்கு மட்டும் அப்பா. சரி, காலம் மாறிடுச்சு, தப்பில்ல. இப்ப மட்டும் எப்படி என் மாமா ஆயிட்டாரு?"

உள்ளேயிருந்து சத்தமே இல்லை. பாக்கான்கூட இல்லை.

அஸ்னிமார் சமையல்கூடத்து வேலைக்குத் திரும்பியிருந்தாள். தினமும் பொழுது சாய்கிற நேரம் தூக்குப் பாத்திரத்தில் கஞ்சியும் மசித்த மரவள்ளி இலையும் எடுத்துக்கொண்டு, ஊரைக் குறுக்கே கடந்து டார்னிஸ் வீட்டுக்குப் போவாள். ஊட்டிவிட்டு, துடைத்துவிட்டு, அறையைக் கழுவிவிட்டு வருவாள். வழியிலிருந்த காப்பிக்கடையில் ஆண்கள் சிரித்தார்கள். "அந்தக் காலத்துல புருஷன் இருட்டினா பொண்டாட்டி வீட்டுக்குப் போவான். இப்ப பாரு, பொண்டாட்டி போறா" என்று ஒருவன் சொன்னான். அவள் காதிலும் அது விழுந்திருக்கும். நடையை மாற்றவில்லை.

நெல்வி கல்யாணத்துக்கு வந்து இறங்கினாள். முன்னறையில் பொன்னிறத் துணி கட்டி அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் கட்டில் இல்லை. அத்தை வீட்டு ஜனங்கள் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று மட்டுமே அவளுக்குப் போனில் சொல்லியிருந்தார்கள். வந்த உடுப்போடு டார்னிஸ் வீட்டுக்குப் போய்ச் சாமான் அறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவை இன்றே இந்த வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் கல்யாணம் வேண்டாம் என்று புஸ்தாமியின் முகத்துக்கு நேரே சொன்னாள். வீடு நாளைக்கு உன்னுடையதுதான் என்று இவ்வளவு நாளும் சொல்லி வளர்த்தீர்களே, அப்படியானால் நான் சொல்கிறேன் என்றாள். புஸ்தாமி திட்டவில்லை. நீ கட்டிக்கொண்டு பத்து நாளில் பாத்தாம் போய்விடுவாய், அதற்கப்புறம் அவனை யார் தூக்குவது என்று கேட்டார். அவள் அம்மாவைப் பார்த்தாள். அஸ்னிமார் தரையைப் பார்த்தாள். நெல்வி அந்தப் பொன்துணிக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். கல்யாணத்தை நிறுத்தவில்லை.

ஆனால் நிக்காஹுக்கு அப்பா வேண்டும். நிலமும் வீடும் தாய்வழி என்றாலும் மகளைக் கொடுக்க வேண்டியவர் மார்க்கப்படி தகப்பன்தான். அதனால் அந்தக் காலையில் மர்ஜோகானைக் குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, பள்ளிவாசலுக்கு என் வண்டியில் கொண்டுபோனோம். ஒரு நாற்காலியில் சேர்த்துக் கட்டி உட்கார வைத்தோம். பதிவு செய்ய வந்த அதிகாரி நல்லவர், பொறுமையாகக் கேட்டார். பேச முடியாவிட்டால் பரவாயில்லை, சைகை தெளிவாக இருந்தால் போதும், உங்கள் மகளை இவருக்குக் கட்டிக்கொடுக்க என்னிடம் பொறுப்பு கொடுக்கிறீர்களா என்றார். பாக்கான் என்றான் மர்ஜோகான். யாரோ பின்வரிசையில் களுக்கென்று சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. இடது கையை நிதானமாகத் தூக்கி, அதிகாரியின் கையைப் பிடித்து, தன் நெஞ்சில் வைத்து, பிறகு மாப்பிள்ளை பக்கம் நீட்டினான். அதைவிடத் தெளிவாக எந்தத் தகப்பனும் சொல்லியிருக்க முடியாது. நெல்வி வந்து அவன் கையை முத்தமிட்டு அப்படியே மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். பெண்கள் வந்து அவளைப் பிரித்துக் கூட்டிப்போனார்கள்.

எல்லோரும் விருந்துக்குக் கிளம்பினார்கள். மாப்பிள்ளையை மேளத்தோடு பெண் வீட்டுக்கு அழைத்துப் போகிற ஊர்வலம் புறப்பட்டது. மர்ஜோகானை வண்டியில் ஏற்றினேன். டார்னிஸ் முன்சீட்டில் ஏறாமல் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவன் கெடந்த ரூம்ல காலையிலயே வெள்ளையடிச்சு ரெண்டு கட்டில் போட்டுட்டா தம்பி. ஒரு பொண்ணு பெட்டியோட வந்து உக்காந்திருக்கு. நான் யெல்மிதாகிட்ட சண்டை போடல. சண்டை போடத் தெம்பில்ல எனக்கு."

நான் அஸ்னிமாரைப் பார்த்தேன். மணப்பெண்ணின் அம்மா, ஜரிகைத் துணி கட்டி நின்றாள். மாப்பிள்ளையை வாசலில் நின்று வரவேற்க வேண்டியவள் அவள். உச்சி வெயில். வண்டிக்குள் மர்ஜோகான் உடுப்பிலேயே நனைத்துவிட்டிருந்தான், அது தெரியக்கூடாதென்று தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து மறைத்துக்கொண்டிருந்தான். அவள் அதைப் பார்த்தாள். வண்டியில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வண்டிய எடுங்க, உடா ஜுல்."

"எங்கம்மா?"

"மொதல்ல எடுங்க."

ஊரைச் சுற்றினேன். சந்தையைச் சுற்றினேன், ஆற்றங்கரைப் பக்கம் போனேன், மறுபடி சந்தைக்கு வந்தேன். கடைசியில் சந்தைக்குப் பின்னால் நிறுத்தச் சொன்னாள். வெளியூர்க்காரர்கள் தங்குகிற வாடகை அறைகள் அங்கே வரிசையாக இருக்கும். ஜாவாவிலிருந்து வந்து சூப் விற்கிறவர்கள், கட்டிட வேலைக்காரர்கள். வேறு மண் இல்லாதவர்கள் இருக்கிற இடம். சொந்தக் குலத்து வீடு இருக்கிற பெண் அங்கே வாடகைக்குக் குடிவந்து நான் கேள்விப்பட்டதில்லை. காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்து ஓர் அறையை எடுத்தாள். சிமெண்ட் தரை, பொதுக் குளியலறை. வேனில் இருந்த பாயைத் தரையில் விரித்து அவனைப் படுக்க வைத்தோம். அவனுக்கு உடை மாற்றிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு மோட்டார் சைக்கிள்காரனைப் பிடித்து அவள் கல்யாண வீட்டுக்குப் போனாள். மாப்பிள்ளையை வரவேற்றாள், பரிமாறினாள், போட்டோவுக்கு நின்றாள் என்று பிறகு என் பெண்டாட்டி சொன்னாள். சாயங்காலம் ஒரு துணி மூட்டையோடு திரும்பி வந்தாள். அதுவரை நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய மண்சரிவுக் கதைகளைச் சொன்னேன். கேட்டானா என்று தெரியவில்லை.

புஸ்தாமி இரண்டாம் நாளே வந்துவிட்டார். அறைக்குள் வரவில்லை. சொந்த வீடு இருக்கிற பெண் வாடகை அறையில் உட்கார்ந்து குலத்தின் முகத்தில் கரி பூசுகிறாளே என்றார். அஸ்னிமார் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"வீடு யாருதுண்ணே? என்னுதுன்னா எம் புருஷன் அதுல படுப்பாரு. என்னுது இல்லன்னா, நான் எங்க கெடந்தா உங்களுக்கு என்ன?"

"வீடு குலத்தோடது" என்றார் அவர். ஆனால் குரல் இறங்கிப் போயிருந்தது.

நெல்வியும் மாப்பிள்ளையும் பாத்தாம் போய்ச் சேர்ந்தபிறகு முன்னறை பூட்டிக் கிடந்தது. இனி தடையென்ன என்று நானே புஸ்தாமியிடம் போனேன். வரட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை என்றார். ஆனால் ஊரறிய அவர்கள் ஆளை அவர்கள் அழைத்துக்கொண்டு போனார்கள், இப்போது எங்களால் பார்க்க முடியவில்லை, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று டார்னிஸின் குலத்துத் தலைவர் வந்து வாயால் சொல்ல வேண்டும் என்றார். அந்தத் தலைவரிடம் போனேன். எங்கள் ஆளை வேண்டாமென்று எங்கள் வாயால் எப்படிச் சொல்வோம், பெண்டாட்டி வீட்டார் வந்து முறையாகக் கேட்கட்டும், கொடுக்கிறோம் என்றார். மறுபடி புஸ்தாமியிடம் போனேன். நாங்கள் போய்க் கேட்டால் நாங்கள்தான் துரத்தினோம் என்று ஆகிவிடுமே என்றார். அந்த இரண்டு வீட்டுக்கும் நான் எத்தனை முறை நடந்திருப்பேன்! அவரவர் வீட்டில் காப்பி கொடுத்தார்கள்.

கேட்காமலே வீட்டைத் திறந்து உள்ளே போய்விடு, சாவி உன்னிடம்தானே இருக்கிறது என்று அஸ்னிமாரிடம் சொன்னேன்.

"போகலாம்" என்றாள். "ஆனா திரும்பவும் யாராவது வந்து எடுத்துட்டுப் போன்னா? இன்னொரு தடவ அவரு வெரலைப் பிரிக்க என்னால ஆகாது உடா ஜுல்."

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் விடியற்காலையில் வேலைக்குப் போகவேண்டும். போகாவிட்டால் வாடகை இல்லை, கஞ்சி இல்லை. நான் கொண்டுவந்து போட்ட பழைய கட்டிலிலிருந்து அவன் உருண்டு விழாமலிருக்க, இடுப்பில் உடுத்துகிற சாரத்தால் சுற்றிக் கட்டிவிட்டுப் போவாள். பக்கத்து அறை சூப்காரரின் மனைவி நடுவில் வந்து தண்ணீர் கொடுப்பாள். அஸ்னிமார் மத்தியானம் ஓடிவந்து திருப்பிப் போட்டுவிட்டு மறுபடி ஓடுவாள். முதுகில் புண் வந்தது. நான் வேன் ஓட்டப் போகாத நாட்களில் போய் முகம் மழித்துவிட்டேன். கன்னம் உள்ளே போய்விட்டிருந்ததால் கத்தி வழுக்கியது. நாளாக ஆக அந்த ஒரு சொல்லும் குறைந்துகொண்டு வந்தது. நெல்வி போனில் முகம் காட்டிப் பேசுவாள். அவன் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பான். அவள் வயிற்றில் பிள்ளை இருந்ததால் கடல் கடந்து வர டாக்டர் விடவில்லை.

நோன்பு மாதத்தில், முற்பகலில், யாரும் பக்கத்தில் இல்லாதபோது போய்ச் சேர்ந்தான். சூப்காரரின் மனைவிதான் பார்த்தாள். அஸ்னிமாரைச் சமையல்கூடத்திலிருந்து கூட்டிவந்தது நான். கையில் தேங்காய்ப்பால் மணத்தோடு அப்படியே வந்து, முதலில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்தாள். பிறகுதான் அழுதாள்.

செய்தி பரவியதும் அந்தச் சந்துக்குள் இதுவரை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வந்தார்கள். டார்னிஸின் குலத்தார் தலைவரோடு வந்து, எங்கள் ஆள், எங்கள் வீட்டில் குளிப்பாட்டி எடுக்கவேண்டும் என்றார்கள். யெல்மிதாவும் வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. புஸ்தாமி முன்னறையைத் திறந்து கூட்டிவைத்துவிட்டு வந்திருந்தார். சுத்தான் கட்டிய வீடு, அங்கிருந்துதான் எடுக்கவேண்டும் என்றார். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் குரல் ஏறிக்கொண்டே போனது. அஸ்னிமார் உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தாள்.

"உசுரோட இருக்கப்போ ஒரு கட்டில் போட எடமில்ல. இப்ப ரெண்டு வீட்டுலயும் எடம் வந்துடுச்சா?"

சத்தமாகச் சொல்லவில்லை. கடைசியில் இமாம் வந்து, பள்ளிவாசலிலேயே குளிப்பாட்டலாம் என்று முடித்தார். நானும் யெல்மிதாவின் புருஷனும் தண்ணீர் ஊற்றினோம். அவனுடைய குலத்து மயானத்தில், அவன் அம்மாவுக்குப் பக்கத்தில், சாகோ மலை தெரிகிற மேட்டில் அடக்கம் செய்தார்கள். அதில் யாரும் தகராறு செய்யவில்லை. ஆண் கடைசியில் தன் அம்மாவின் மண்ணுக்குத்தான் போக வேண்டும்.

அஸ்னிமார் இன்னும் அந்த வாடகை அறையில்தான் இருக்கிறாள். நெல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வீட்டுக்கு இனி வாரிசு இருக்கிறது என்று புஸ்தாமி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். அஸ்னிமாருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார், வாங்கிக்கொண்டாள். பெருநாளுக்கு அவளே போய் வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு, பூட்டிக்கொண்டு திரும்பினாள்.

வெள்ளிக்கிழமைகளில் டார்னிஸும் அவளும் மயானத்துக்குப் போகிறார்கள். இடுப்பு முடியாத டார்னிஸை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். ஒருநாள் திரும்புகிற வழியில் அஸ்னிமார் கேட்டாள், தான் செத்தால் அவன் பக்கத்தில் ஓரிடம் கிடைக்குமா என்று. அவள் வேறு குலம், அந்த மண் டார்னிஸின் குலத்து மண். தலைவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள் டார்னிஸ். கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லிவிட்டார், கோபமாக இல்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். அன்று டார்னிஸோடு நானும் போயிருந்தேன்.

அது நடந்து பல வெள்ளிக்கிழமைகள் ஆகிவிட்டன. வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் அஸ்னிமார், "கேட்டீங்களா உனி?" என்று அக்கா முறை வைத்துக் கேட்கிறாள். இன்னும் அவரைப் பார்க்க முடியவில்லை, பார்த்துக் கேட்கிறேன் என்கிறாள் டார்னிஸ். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறேன்.